தானாக இறந்தவை

பட்டாம்பூச்சியைக் கொல்வது எப்படி என்று எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். வலையில் விழுந்ததும் சிறகுகளை மேல்பக்கமாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நெஞ்சுப் பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே ஒரு அழுத்து. உள்ளே சின்னதாக ஏதோ உடையும். காதுக்குக் கேட்காது, விரலுக்குத் தெரியும். தஞ்சாவூரில் நான் விலங்கியல் படித்த மகளிர் கல்லூரியில், ஆளுக்கொரு பூச்சிப் பெட்டி செய்து கொடுத்தால்தான் செய்முறைத் தேர்வு எழுத விடுவார்கள். என் பெட்டி நன்றாக வந்திருந்தது. ஆசிரியை அதை வகுப்பு முழுக்கக் கைமாற்றி அனுப்பிக் காட்டினார். அன்று விடுதியில் சோற்றைப் பிசையும்போது அந்த இரண்டு விரல்களும் கூசின. இதைப் பெரிதுபடுத்திச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அன்றும் சாப்பிட்டேன், மறுநாளும் சாப்பிட்டேன்.

கல்யாணமாகி நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்கு வந்தேன். எங்கள் வீடு ஊரின் கடைசி வீடு. கொல்லைப்பக்க வேலியைத் தாண்டினால் வயல். கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. நிலத்தை அவருடைய பங்காளி ஒருவர் பார்த்துக்கொண்டார். எனக்கு மீதி இருந்தது கொல்லைதான். ஒரு எலுமிச்சை, இரண்டு கறிவேப்பிலை, வேலியோரம் தானாக முளைத்த எருக்கு. எருக்கை வெட்டிப்போடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். நான் வெட்டவில்லை. வெந்தய வரியன் என்கிற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடும்.

கொரோனா முடக்கத்தின்போது ஒருநாள், அடுப்படி ஜன்னல் கம்பிக்கும் கொசுவலைக்கும் நடுவில் எலுமிச்சை அழகி என்கிற பட்டாம்பூச்சி ஒன்று செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். பின்சிறகில் ஒரு துண்டு இல்லை. கறுப்பும் மஞ்சளும் சேர்ந்த அந்தச் சிறகுகள் பழைய துணி மாதிரி நைந்திருந்தன. எடுத்துப் பார்த்துவிட்டு எறிய மனம் வரவில்லை. கல்லூரியில் கற்றுக்கொண்டது கைக்கு மறந்திருக்கவில்லை. டிபன் டப்பாவில் ஈரப் பஞ்சு போட்டு, பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு சொட்டு டெட்டால் விட்டு, பூச்சியை ஒருநாள் மூடிவைத்தேன். விறைத்த மூட்டுகள் தளர்ந்தன. தெர்மாகோலில் ஒரு பள்ளம் வெட்டி உடம்பை அதில் வைத்து, சிறகுகளைப் பட்டர் பேப்பர் துண்டுகளால் விரித்துக் குண்டூசி குத்தினேன். குண்டூசிகள் பேப்பரின் மேல்தான், சிறகின் மேல் இல்லை. ஒரு வாரத்தில் அது அப்படியே காய்ந்து நின்றது. தடித்த வெள்ளைத் தாளில் எலுமிச்சைக் கிளை ஒன்றை வரைந்து, ஒரு இலைக்கு மேலே அதை ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டேன். குறைந்திருந்த சிறகுத்துண்டை நிரப்பவில்லை. அந்த இடம் காலியாகவே இருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பிறகு கண் எப்போதும் தரையில்தான். எருக்கின் அடியில், கோயில் குளத்துப் படியில், நீடாமங்கலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், ரயில்வே கேட் போட்டு நிற்கும் லாரிகளின் முன்பக்க வலையில் என்று எங்கெல்லாமோ பொறுக்கினேன். கேட்டில் காத்திருக்கிற டிரைவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் இறங்கி வந்து, ரேடியேட்டரில் ஒட்டியிருந்ததைத் தானே எடுத்துக் கையில் கொடுத்தார். "இதுக்குப் போயி வெயில்ல நிக்கிறீங்களேம்மா," என்றார்.

உயிரோடிருப்பதைத் தொடுவதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை. துடித்துக்கொண்டிருந்தால்கூட எடுக்க மாட்டேன், அடங்கும்வரை காத்திருப்பேன். ஒவ்வொரு சட்டத்தின் பின்புறத்திலும் ஒரு சின்ன அட்டை ஒட்டி, அதில் என் கையால் எழுதுவேன்: "இவை தானாக இறந்தவை. யாரும் கொல்லவில்லை." லாரியில் அடிபட்டது எப்படித் தானாக இறந்தது ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அதனால் லாரிப் பூச்சிகளை மட்டும் ஒரு தனி டப்பாவில் போட்டு வைத்தேன், உபயோகிக்கவில்லை. அந்த அளவுக்கு அப்போது சுத்தமாக இருந்தேன்.

வேலை செய்யச் செய்ய ஒன்று புரிந்தது. வயதாகிச் சாகிற பட்டாம்பூச்சி முழுசாக இருப்பதே இல்லை. பறந்து பறந்து சிறகின் செதில்கள் உதிர்ந்திருக்கும். ஓணானும் குருவியும் கடித்த தடம் இருக்கும். முட்கள் கிழித்திருக்கும். நிறம் வெளுத்து, ஓரங்கள் பிசிறு தட்டி, ஒரு பக்கச் சிறகு மற்றதைவிடச் சின்னதாகிப் போயிருக்கும். நான் அந்தக் கிழிசல்களை வைத்துத்தான் படம் செய்தேன். ஆனால் இன்ஸ்டாகிராமில் போட்டால் பார்ப்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "முழுசா ஒண்ணு இருக்குங்களா?"

என் கணவர் சிங்கப்பூரை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். முதுகு வலி, இனி அங்கே முடியாது என்றார். நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மருந்து அடிக்க ஆள் கிடைக்காத காலம். பத்து லிட்டர் டேங்கை முதுகில் சுமந்து சேற்றில் நடக்க யாரும் வருவதில்லை. அவர் ட்ரோன் ஓட்டப் பயிற்சி எடுத்தார். சொந்த வயலுக்கும் அடித்தார், சுற்றுவட்டாரத்தில் கூப்பிட்டவர்களுக்கும் அடித்துக் கொடுத்தார். பெரிய மிஷின்களோடு பழகிய கை, அதனால் சீக்கிரம் நல்ல பெயர் வாங்கினார்.

அவர் என் வேலையை ஒருநாளும் கேலி செய்ததில்லை. வயலிலிருந்து வரும்போது சட்டைப் பையிலிருந்து பழைய தீப்பெட்டியை எடுத்து நீட்டுவார். உள்ளே ஒரு கொன்னை வெள்ளையனோ, ரோஜா அழகியோ இருக்கும். "வாய்க்கா மதகுகிட்ட கெடந்துது. சரியா இருக்கா பாரு," என்பார். கல்யாணமான முதல் பத்து வருடத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம்கூட வராது. அந்தத் தீப்பெட்டிகள்தான் எங்களுக்குள் பேச்சாக இருந்தன.

இரண்டு சம்பாவுக்கு முன்பு, கார்த்திகையில் மழை ஒரு வாரம் விட்டிருந்தது. வெயில் அடித்ததும் பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்துவிட்டது. இலைகளை நீளவாக்கில் சுருட்டிக்கொண்டு உள்ளிருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும் புழு. எங்கள் சுற்றில் எல்லா வயலும் வெளுத்துத் தெரிந்தது. அவர் காலையிலிருந்து சாயங்காலம்வரை மருந்து அடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. ஜவுளிக்கடைப் பை. அதை ஜாக்கிரதையாக அடியில் கை கொடுத்து ஏந்திக்கொண்டு வந்தார்.

"இந்தா. இன்னைக்கு உனக்கு நெறைய கெடைச்சுது," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பையைப் பிரித்தேன். வெந்தய வரியன்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, கை நிறைய அள்ளும்படி. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. அந்த ஆரஞ்சு அப்போதுதான் பூசியது போல இருந்தது. முன்சிறகின் கறுப்பு முனையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றுகூட உதிரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். இவ்வளவு வருடங்களில் பார்க்காத முழுசு. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். உறிஞ்சுகுழல் சுருளாமல் வெளியே நீட்டியிருந்தது. கால்கள் உள்ளுக்குள் மடங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. வயதாகிச் சாகிறபோது அப்படி இருக்காது.

"எங்க கெடந்துதுங்க இதெல்லாம்?"

"வரப்புலதான். அந்த எருக்கம்புதர் இருக்குல்ல, அதைச் சுத்தி." கை கழுவிக்கொண்டே சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். குழாயை மூடினார்.

"காத்து அந்தப் பக்கம் அடிச்சுது," என்றார் மெதுவாக. "நான் வேணும்னு அடிக்கல."

"தெரியும்."

"பூச்சி விழுந்தா மருந்து அடிக்காம என்ன பண்றது, சொல்லு."

சாப்பாடு போட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வயலுக்குப் போனார்.

அந்தப் பையை நான் புதைத்திருக்க வேண்டும், அல்லது லாரிப் பூச்சிகளோடு தனி டப்பாவில் போட்டிருக்க வேண்டும். மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். நான்காம் நாள் தெர்மாகோல் பலகையை எடுத்தேன். அவை எப்படியும் செத்தாயிற்று, குப்பையில் போவதற்குப் படத்தில் இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய தாளில் ஒரு எருக்கஞ்செடியை வரைந்து, அதன் பூவிலிருந்து கிளம்பி மேலே மேலே போவது போலப் பதினொரு வெந்தய வரியன்களை ஒட்டினேன். நான் செய்ததிலேயே அழகான படம் அதுதான். இன்றைக்கும் அதை மறுக்க முடியாது. பின்புறம் அட்டை ஒட்டி, வழக்கமான இரண்டு வரியை எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்றெல்லாம் சொன்னால் பொய். பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

படத்தை இன்ஸ்டாகிராமில் போட்ட மறுவாரம் ஒரு பெண் போன் செய்தாள். கூத்தாநல்லூர்ப் பக்கம் என்றாள். நேரில் பார்க்க வரலாமா என்று கேட்டாள். வந்தவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கறுப்புப் பர்தாவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். முழு டம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

"இத்தா முடிஞ்சு இப்பதாங்க்கா வெளியே வரேன்," என்றாள். கணவன் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் முஸ்லிம் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன்.

படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் உடனே பார்க்கவில்லை. முதலில் அதைத் திருப்பிப் பின்புறத்து அட்டையைத்தான் படித்தாள். உதடு அசைய, எழுத்து எழுத்தாக. இரண்டு தடவை படித்தாள்.

"நெசமாங்க்கா? யாரும் கொல்லலியா?"

"ஆமாம்மா," என்றேன்.

"தானா செத்ததுன்னு எப்படித் தெரியும்?"

"செடிக்கு அடியில கெடந்துது."

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நான் கேட்காமலே, அவளாகவே சொன்னாள். கணவர் குவைத்தில் வேலை பார்த்தார். கட்டட வேலை. ஒரு விடியற்காலை அறையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று உடன் இருந்தவர்கள் போனில் சொன்னார்கள். உடம்பு வரவில்லை. அனுப்புவது கஷ்டம், அங்கேயே அடக்கம் பண்ணிவிடலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். மாமனாரும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அடக்கமும் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு காகிதம் வந்தது.

"இயற்கை மரணம்னு போட்டிருக்கு. அரபில இருக்கறத எங்க பள்ளிவாசல் அஜ்ரத்து படிச்சுச் சொன்னாரு." அவள் படத்தின் கண்ணாடியைத் தன் துப்பட்டா முனையால் துடைத்தாள். தூசி எதுவும் இல்லை. "எனக்கு ஒண்ணும் வேணாங்க்கா. தானா செத்துப்போனது எப்படி இருக்கும்னு பாக்கணும். அடிபடாம, நோகாம, முழுசா. பக்கத்துல வெச்சுப் பாத்துட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவள் அந்தச் சட்டத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். பேப்பர் சுற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தேன். பஸ் நிறுத்தம்வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து என்னால் எந்த அட்டையிலும் அந்த இரண்டு வரியை எழுத முடியவில்லை. பேனாவை எடுத்தால் அவள் உதடு அசைத்துப் படித்தது கண்முன் வரும். பத்து நாள் அப்படியே போயிற்று. கணவரிடம் சொன்னேன்.

"போய்ச் சொல்லிட்டு வந்துடு," என்றார். "உன்னால இதை வெச்சுக்கிட்டு இருக்க முடியாது." வாசல்வரை போனவர் திரும்பினார். "கொல்லைய ஒட்டின நம்ம வயல்ல இனிமே மருந்து அடிக்கல. அந்த ஒரு துண்டை விட்டுடறேன். போதுமா?"

நான் கேட்காமல் அவர் கொடுத்த வாக்கு அது. போதும் என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனேன். அவள் வீடு ஒரு நீளமான தெருவின் நடுவில் இருந்தது. மாடி கட்ட ஆரம்பித்துக் கம்பிகளோடு பாதியில் நின்றிருந்தது. மாமியார் கதவைத் திறந்து, என்னை உள்ளே அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவள் அறையில் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், படுத்தால் கண்ணுக்கு நேராகப் படும் உயரத்தில் அந்தப் படம் மாட்டியிருந்தது.

நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் மருந்து அடித்ததில் செத்தவை, எனக்குத் தெரிந்தே உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். தானாகச் செத்த பட்டாம்பூச்சி இவ்வளவு முழுசாக இருக்காது, கிழிந்து வெளுத்துத்தான் இருக்கும் என்றும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னாள்.

"மருந்துல செத்தா துடிக்குமாங்க்கா?"

"துடிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

எனக்குத் தெரியும். நரம்பைத் தாக்கும் மருந்து அது. வரப்பில் பின்னர் நானே உட்கார்ந்து பார்த்திருந்தேன். சிறகை அடித்து அடித்து ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். நான் பார்த்த ஒன்று அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

"கொஞ்ச நேரந்தாம்மா," என்றேன்.

அவள் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். எதையோ தேடித் திறந்து என் கையில் கொடுத்தாள். அடக்கத்துக்கு முன்பு எடுத்து அனுப்பிய போட்டோ. வெள்ளைத் துணி சுற்றிய உடம்பு. முகம் மட்டும் திறந்திருந்தது. துணி புருவம்வரை இறக்கிவிடப்பட்டிருந்தது.

"வீட்டுல யாருகிட்டயும் கேக்க முடியல. கேட்டா, காகிதம் வந்துடுச்சு, இன்னும் என்னன்றாங்க. தூக்கத்துல போனவருக்கு நெத்திய ஏன் இப்படி மூடணும்? நீங்க படிச்சவங்க. செத்தது எப்படிச் செத்துதுன்னு பாத்தாலே சொல்றீங்க. பாத்துச் சொல்லுங்கக்கா."

"நான் டாக்டர் இல்லம்மா. பூச்சியப் பத்திதான் எனக்குத் தெரியும்."

"பரவால்ல. பாருங்க."

பார்த்தேன். அவள் சொன்னபடி விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல முகம். மீசையை ஒழுங்காக வெட்டியிருந்தார். துணியின் ஓரத்தில், இடது கண்ணுக்குப் பக்கவாட்டில், ஒரு கருமை தெரிந்தது. நிழலாக இருக்கலாம். துணி மூடுவது அவர்கள் வழக்கமாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் கன்னம் மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் உப்பியிருந்ததாக எனக்குப் பட்டது. போனைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். அப்போதும் அப்படித்தான் பட்டது.

அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா," என்றேன். "தூங்கற மாதிரிதான் இருக்கு."

ஒரு பொய்யை ஒத்துக்கொள்ளப் போன இடத்தில் இன்னொன்றைச் சொன்னேன். உண்மை எதுவென்று எனக்குத் தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் எனக்குப் பட்டதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருக்க முடியும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாரிடம் போய்க் கேட்டிருப்பாள்? அந்த யோசனையால் எனக்கு எந்த ஆறுதலும் கிடைத்ததில்லை.

அவள் போனை வாங்கித் திரும்பத் தலையணைக்கு அடியில் வைத்தாள். எழுந்து சுவரிலிருந்து படத்தைக் கழற்றினாள்.

"இதை எடுத்துட்டுப் போயிடுங்க," என்றாள். கோபம் இல்லை. களைத்த குரல். "தானா செத்தது ஒண்ணே ஒண்ணு கெடைச்சாலும் குடுங்க. கிழிஞ்சிருந்தா பரவால்ல. நான் காத்திருக்கேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, படம் கண்ணில் படாமலிருக்கக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கணவர் தன் வாக்கைக் காப்பாற்றினார். தை பிறக்கும்வரை கொல்லையை ஒட்டிய துண்டில் மருந்து அடிக்கவில்லை. பயிர் மேலும் வெளுத்தது. அதற்கு அடுத்த வயல், முன்பு எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்ட பங்காளியுடையது. ஒருநாள் காலை பங்காளி எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"உன் வயல்லேருந்துதாண்டா எனக்கு ஏறுது," என்றார் என் கணவரிடம். "ஊருக்கெல்லாம் அடிக்கற, உன் சொந்த வயல்ல புழு வளக்கறியா? எதுக்கு? பொண்டாட்டி பட்டாம்பூச்சி வளக்கறாங்கன்னா?"

"ஒரு துண்டுதானண்ணே."

"கதிர் வர்ற நேரம். உனக்கு ஒரு துண்டு. எனக்கு இருக்கறதே அவ்வளவுதான்."

அதுவும் உண்மை. அவருக்கு இருந்தது அந்த வயல் மட்டுந்தான். அவருடைய மகளுக்கு அந்த வருடம்தான் கல்லூரி. அவர் போனபின் என் கணவர் கொல்லைக் கிணற்றுச் சுவரில் போய் உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அடிச்சுடுங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னதுதானா என்று சந்தேகப்படுவது போல.

"அடிச்சுடுங்க. வேற என்ன பண்றது."

அன்று மதியமே அடித்தார். காற்றே இல்லாத நேரம் பார்த்து, முடிந்தவரை தாழப் பறக்கவிட்டு, கொல்லைப்பக்கம் வராமல் அடித்தார். நான் வேலிக்குக் குறுக்கே பழைய புடவைகளைக் கட்டியிருந்தேன். ஆனாலும் மறுநாள் எருக்கின் அடியில் புழுக்கள் உதிர்ந்து கிடந்தன. வரி வரியாய்க் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக. கறிவேப்பிலையின் அடியிலும் கிடந்தன. புழுக்களை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. துடைப்பத்தால் ஒரு ஓரமாகக் கூட்டி மண்ணைத் தள்ளி மூடினேன். என் கணவர் இப்போது தீப்பெட்டி கொண்டுவருவதில்லை. வழியில் எதையாவது பார்த்தாலும் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பின் வந்த கோடை முழுக்கக் கொல்லையில் ஒரு வெந்தய வரியன்கூட இல்லை. எருக்கு பூத்துக் காய்த்து வெடித்துப் பஞ்சு பறந்தது. குறுவைக்குத் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்தபோது சில வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் தலைகாட்டின. தங்கவில்லை. திருவையாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஆற்றங்கரையில் மணிக்கணக்காகத் தரையைப் பார்த்து நடந்தேன். சீர்காழியில் இருக்கும் என் தங்கை வீட்டுத் தோட்டத்திலும் தேடினேன். கிடைத்த ஓரிரண்டையும் எப்படிச் செத்தது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எங்கும் வயல், எங்கும் மருந்து. நிச்சயமில்லாததை அவளிடம் கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். அவள் மாதத்துக்கு ஒருமுறை வாட்ஸப்பில் கேட்பாள். "கெடைச்சுதாக்கா?" நான் இல்லை என்று பதில் போடுவேன். சில மாதங்கள் கழித்துக் கேட்பது நின்றது.

போன ஐப்பசியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, எலுமிச்சையின் அடியில் எறும்பு வரிசை ஒன்றைப் பார்த்தேன். குனிந்தால் எலுமிச்சை அழகி. உடம்பை எறும்புகள் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தன. நான்கு சிறகுகள் மட்டும் ஈர மண்ணில் ஒட்டிக் கிடந்தன. ஒன்று பாதி இல்லை. மற்றவை கண்ணாடித்தாள் போல வெளுத்து ஊடுருவித் தெரிந்தன. பல நாள் பறந்த சிறகுகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தூரிகை முனையால் எடுத்துக் காயவைத்தேன். உடம்பில்லாத இடத்தை விட்டு, நான்கையும் அவை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாளில் ஒட்டினேன். செடி எதுவும் வரையவில்லை. பின்புறம் அட்டை ஒட்டவில்லை.

அவள் எண்ணுக்குப் போன் செய்தால் மணி அடிக்கவில்லை. வீட்டு எண்ணுக்குப் போட்டேன். மாமியார் எடுத்தார்.

"அவ குவைத்து போயி மூணு மாசம் ஆச்சும்மா. ஒரு வூட்டுல சமையல் வேலை. வேணாம்னுதான் சொன்னோம். அவன அடக்கம் பண்ணின கபர் இருக்கற ஊரு, நான் போயே தீருவேன்னு போயிட்டா."

புது எண்ணை வாங்கி, படத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் அவள் குரல் பதிவு வந்தது. மெதுவாக, யாருக்கும் கேட்காமல் பேசுகிற குரல். பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"பாத்தேங்க்கா. நல்லா இருக்கு. கபருக்கு இன்னும் போகல. வெளியே விட மாட்டேங்கறாங்க. பாஸ்போர்ட்டு அவங்ககிட்ட இருக்கு. அந்த எடம் இங்கேருந்து ரொம்ப தூரமாம், யாருக்கும் சரியா வழி தெரியல." ஏதோ பாத்திரத்தைக் கழுவி வைக்கிற சத்தம். "இது தானா செத்ததுதானேக்கா?"

உடம்பு இருந்திருந்தால் கால்கள் எப்படி மடங்கியிருக்கின்றன என்று பார்த்திருப்பேன். உறிஞ்சுகுழலைப் பார்த்திருப்பேன். அந்த வாரம் எங்கள் ஊரில் இரண்டு வயல்களுக்கு மருந்து அடித்திருந்தார்கள். கிழவிப் பூச்சியும் மருந்தில் சாகும்.

ஆமாம் என்று எழுதி அனுப்பினேன். உண்மையாகவும் இருக்கலாம். படத்தை எங்கே அனுப்ப என்று கேட்டேன். விலாசம் தனக்கே தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.